கேன்வாஸ் தையல்: எதில் தொடங்குவது?

புதிதாகப் பழகுபவர்கள் பெரிய படத்தில் கை வைக்க வேண்டாம். உள்ளங்கை அளவு வடிவம் போதும். கேன்வாஸ் என்பது வலைபோல் கண்கள் (துளைகள்) உள்ள விறைப்பான துணி; கம்பளி நூலால் தைத்து அதை நிரப்புவோம். அங்குலத்துக்கு 13 கண் உள்ளதை வாங்குங்கள். 18 கண் உள்ளது அழகுதான், ஆனால் தொடக்கத்தில் கண் வலிக்கும். 13க்கு 20ஆம் எண் டேபஸ்ட்ரி ஊசி சரியாக இருக்கும். அதன் முனை மழுங்கலாக இருப்பதால் கேன்வாஸைக் கிழிக்காது. ஓரங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள்.

கம்பளி நூலை 45 சென்டிமீட்டருக்கு மேல் வெட்டாதீர்கள். நீளமாக இருந்தால் கண்களில் உரசி உரசியே மெலிந்துவிடும்.

நுனியில் முடிச்சுப் போட்டு, தைக்கப்போகும் வரிசையிலேயே ஓர் அங்குலம் தள்ளி, மேலிருந்து ஊசியை இறக்குங்கள். முடிச்சு மேலேயே நிற்கட்டும். தைத்துக்கொண்டே அதை நெருங்கும்போது, பின்பக்கம் கிடக்கும் நூலைத் தையல்கள் பிடித்துக்கொண்டிருக்கும். அப்புறம் முடிச்சை வெட்டிவிடலாம்.

தையல் ஒன்றுதான்: ஒரு கண்ணில் மேலே வந்து, வலது மேல் மூலையில் உள்ள கண்ணில் இறங்க வேண்டும். எல்லாத் தையலும் ஒரே பக்கம் சாய்ந்திருப்பது முக்கியம். பின்னணி போன்ற பெரிய இடங்களை நான் எப்போதும் குறுக்குச் சாய்வு வரிசைகளாகத்தான் நிரப்புவேன். பின்பக்கம் கூடை முடைந்ததுபோல் வரும். நேர் வரிசையாகத் தைத்தால் கோணிப்போகும் கேன்வாஸ், இதில் பெரும்பாலும் சதுரமாகவே நிற்கும். நூல் கொஞ்சம் அதிகம் செலவாகும், பரவாயில்லை.

இறுக்கி இழுக்காதீர்கள். நூல் முறுக்கிக்கொண்டால் ஊசியைத் தொங்கவிடுங்கள், தானே பிரியும்.