பாராட்டப் போய்ப் புண்படுத்தும் ஆங்கிலச் சொற்கள்

எங்கள் பள்ளியில் கணக்கு ஆசிரியர் ஒருவருக்குப் பிரிவு உபசார விழா. மேடையில் பேச வேண்டிய உரையை பிளஸ் டூ மாணவி ஒருத்தி திருத்தித் தரச் சொல்லிக் கொண்டுவந்தாள். முதல் பத்தியிலேயே 'ஃபுல்சம் ப்ரெய்ஸ்'. "ஃபுல்னா நிறைவுதானே டீச்சர்? மனசு நிறைஞ்ச பாராட்டுன்னு எழுதியிருக்கேன்" என்றாள்.

அவள் யோசித்ததில் நியாயம் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் 'ஃபுல்சம்' என்றால் ஏராளம் என்றுதான் பொருள். ஏராளம் திகட்டலாகி, திகட்டல் அருவருப்பாகி, இன்று பலர் காதில் அது வாய் கூசாத முகஸ்துதி என்றே விழுகிறது. பழைய பொருளில் எழுதுகிறவர்கள் இன்னும் உண்டு. ஆனால் கேட்பவர் எதை எடுத்துக்கொள்வார் என்பது நம் கையில் இல்லையே! 'ஹார்ட்ஃபெல்ட்' (மனமார்ந்த) என்று மாற்றினோம். அதைவிட, அவர் கரும்பலகையில் கையாலேயே வட்டம் போடும் அழகைப் பற்றி ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். எந்தப் பெயரடையும் அந்த வரிக்கு ஈடாகாது.

அடுத்தது 'ஹோம்லி'. நம் ஊர்த் திருமண விளம்பரங்களில் குடும்பப்பாங்கான பெண்ணுக்கு இந்தச் சொல்லைத்தான் போடுகிறார்கள். பிரிட்டனில் ஒரு விடுதியை ஹோம்லி என்றால் சொந்த வீடுபோல இதமாக இருக்கிறது என்று பொருள். அமெரிக்காவிலோ ஒரு பெண்ணை அப்படிச் சொன்னால் 'பார்க்க அழகில்லாதவள்' என்று பொருள். அங்கேயே பிறந்து வளர்ந்த மாப்பிள்ளைக்கு அனுப்பும் விவரக் குறிப்பில் இந்தச் சொல் இருந்தால், பெற்ற மகளைப் பெற்றோரே குறைத்துச் சொன்னதாக ஆகிவிடும். தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

'எக்ரீஜியஸ்' கதை இன்னும் வருத்தமானது. லத்தீனில் மந்தையிலிருந்து தனித்து நிற்பது என்பது அதன் வேர். 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் தலைசிறந்தவர்களை அப்படிப் புகழ்ந்தார்கள். கேலியாகச் சொல்லிச் சொல்லியே அது படுமோசம் என்ற பொருளுக்கு இறங்கிவிட்டது. இத்தாலியிலோ அதே வேரில் பிறந்த 'எக்ரேஜியோ' இன்றும் கடிதங்களில் மரியாதை விளி.

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. "நைஸ் என்றால் முட்டாள் என்று அர்த்தம், யாரையும் அப்படிச் சொல்லாதீர்கள்" என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, அதுதான். அறியாதவன் என்ற லத்தீன் சொல்லிலிருந்து நைஸ் வந்ததும், 1300 வாக்கில் அதற்கு மூடத்தனம் என்ற பொருள் இருந்ததும் உண்மைதான். ஆனால் 18ஆம் நூற்றாண்டிலேயே அது இனிமை என்ற பொருளுக்கு வந்துவிட்டது. 'டெரிஃபிக்' ஒரு காலத்தில் அச்சம் தருவதைக் குறித்தது. இன்று பிரமாதம் என்கிறது. ஆண்டாள் பாடலில் நாறுவது நறுமணம். அதற்காக விருந்துக்கு அழைத்தவரிடம் "உங்கள் வீடு நாறுகிறது" என்று சொல்வோமா?

பழைய நூல்களைப் படிக்கும்போது மட்டும் இந்த வேர் கைகொடுக்கும். லண்டன் புனித பவுல் பேராலயத்தின் வரைபடத்தை 1675இல் ஏற்ற இரண்டாம் சார்லஸ் மன்னரின் ஆணை, அதை 'ஆர்ட்டிஃபிஷியல்' என்கிறது. செயற்கை என்று மொழிபெயர்த்தால் புகழ்ச்சி குறையாகிவிடும். அன்று அது கலைத்திறன் மிக்கது.

பகட்டானது, உயர்தரமானது என்ற பொருள் தரும் 'பாஷ்' பற்றிய கதையையும் நம்பிப் பரப்ப வேண்டாம். இந்தியாவுக்குக் கப்பலில் வந்த பணக்காரர்கள் போகும்போது இடப்பக்கமும் திரும்பும்போது வலப்பக்கமும் அறை எடுத்தார்களாம், அதைச் சொல்லும் 'போர்ட் அவுட், ஸ்டார்போர்ட் ஹோம்' என்ற ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளே பாஷ் ஆனதாம். அப்படி அச்சிட்ட பயணச்சீட்டு ஒன்றுகூட இதுவரை கிடைக்கவில்லை.

பரிந்துரைக் கடிதம் எழுதுகிறவர்களுக்கு ஒன்று. பிரிட்டிஷ் வழக்கில் 'கொய்ட் குட்' என்றால் பெரும்பாலும் 'பரவாயில்லை' அளவுதான். அதே 'கொய்ட்', 'பிரில்லியன்ட்' முன்னால் வந்தால் 'முற்றிலும்' என்று அழுத்தம் தரும். கெட்டிக்கார மாணவனைக் கொய்ட் குட் என்று எழுதி பிரிட்டனுக்கு அனுப்பினால், அங்கே படிப்பவர் அவனைச் சுமார் என்றே எடுத்துக்கொள்ளக்கூடும்.