பகிர்ந்த பிரிண்டர் மக்கர் செய்கிறதா? டிரைவரில் கை வைக்கும் முன் இதைப் பாருங்கள்

பிரிண்ட் கொடுத்தால் தாள் வரவில்லை, திரையில் 'ஆஃப்லைன்' என்று நிற்கிறது. உடனே பலரும் செய்வது, பிரிண்டரைக் கம்ப்யூட்டரிலிருந்து நீக்கிவிட்டு டிரைவரை (பிரிண்டரோடு பேச கம்ப்யூட்டருக்கு உதவும் மென்பொருளை) மறுபடி நிறுவுவது. அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். நேற்று வரை ஓடிய பிரிண்டர் இன்று நின்றால், டிரைவர் கெட்டுப்போயிருக்க வாய்ப்பு குறைவு. கம்ப்யூட்டருக்கும் பிரிண்டருக்கும் நடுவே ஏதோ ஒன்று மாறியிருக்கும். அது எது என்று தேடுவதுதான் நம் வேலை. இங்கே சொல்வது பெரும்பாலும் விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும்.

படி 1: பிரிண்டர் எப்படி இணைந்திருக்கிறது?

வீட்டுப் பிரிண்டர்கள் இரண்டு வகையாகப் பகிரப்படுகின்றன. ஒன்று, யுஎஸ்பி கேபிளில் ஒரு கம்ப்யூட்டரோடு இணைந்திருக்கும். அந்தக் கம்ப்யூட்டர் மற்றவற்றுக்குப் பகிர்ந்து கொடுக்கும். இன்னொன்று, பிரிண்டரே வைஃபை வழியாகவோ கேபிள் வழியாகவோ நேராக ரவுட்டரோடு இணைந்திருக்கும். இரண்டுக்கும் கோளாறு வரும் இடங்கள் வேறு. உங்களுடையது எது என்று தெரியாமல் ஆரம்பித்தால் நேரம்தான் வீணாகும்.

படி 2: பிரிண்டரைத் தனியாகச் சோதியுங்கள்

கம்ப்யூட்டரை மறந்துவிட்டு, பிரிண்டரிலேயே ஒரு நகல் எடுங்கள். அந்த வசதி இல்லையென்றால், அதன் மெனுவிலிருந்து அமைப்புகள் பக்கத்தை அச்சிடுங்கள். தாள் ஒழுங்காக வந்தால் மையும் இயந்திரமும் நன்றாக இருக்கின்றன. அப்புறம், வீட்டில் எல்லாக் கம்ப்யூட்டர்களிலும் பிரச்சினையா, ஒன்றில் மட்டுமா என்று பாருங்கள். ஒன்றில் மட்டும் என்றால் ரவுட்டரைத் தொட வேண்டாம், அந்தக் கம்ப்யூட்டரில் மட்டும் தேடினால் போதும்.

படி 3: யுஎஸ்பி வழிப் பகிர்வு என்றால்

பிரிண்டர் செருகியிருக்கும் கம்ப்யூட்டர் விழித்திருக்க வேண்டும். அது ஸ்லீப்பில் போனால் பிரிண்டரும் மற்றவர்கள் கண்ணிலிருந்து மறைந்துவிடும். 'நேற்று வந்தது, இன்று வரவில்லை' என்ற புகார்களில் நிறைய இங்கேயே முடிந்துவிடும். பவர் அமைப்பில் ஸ்லீப்பை 'நெவர்' என்று மாற்றிப் பாருங்கள்.

அடுத்து, இரண்டு கம்ப்யூட்டர்களிலும் நெட்வொர்க் வகை 'பிரைவேட்' என்று இருக்கிறதா? 'பப்ளிக்' என்று மாறியிருந்தால் விண்டோஸ் பகிர்வைத் தடுத்துவிடும். வைஃபை பெயரோ ரவுட்டரோ மாறினால் இது தானாக நடக்கக்கூடும். பகிர்வு அமைப்புகளில் 'நெட்வொர்க் டிஸ்கவரி'யும் 'ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்'கும் ஆன் ஆகியிருக்க வேண்டும்.

இப்போது மற்ற கம்ப்யூட்டரில் விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் இரண்டு பின்சாய்வுக் கோடுகளும் (\\), பிரிண்டர் செருகியிருக்கும் முதல் கம்ப்யூட்டரின் பெயரும் இட்டுத் திறங்கள். பிரிண்டர் தெரிந்தால் பாதை சரி. பெயருக்குத் திறக்காமல் ஐபி எண்ணுக்கு (நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் இருக்கும் முகவரி எண்) திறந்தால், பெயரைக் கண்டுபிடிப்பதில்தான் சிக்கல். ஐபி எண்ணையே பயன்படுத்தலாம். கடவுச்சொல் கேட்டால் முதல் கம்ப்யூட்டரில் இருக்கும் கணக்கின் கடவுச்சொல்லைக் கொடுங்கள். தினமும் உள்ளே நுழையப் போடும் நான்கு இலக்கப் பின் எண் (PIN) இங்கே செல்லாது.

'11பி' என்று முடியும் பிழை எண் வந்தால் பதற வேண்டாம். 2021 செப்டம்பரில் வந்த விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட்டுகளுக்குப் பிறகு இது பரவலாகத் தலைகாட்டியது. முதலில் இரண்டு கம்ப்யூட்டர்களையும் முழுதாக அப்டேட் செய்யுங்கள். ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் இடம்) ஒரு மதிப்பை மாற்றச் சொல்லும் குறுக்குவழி எல்லா இடத்திலும் கிடைக்கும். அது அந்தப் பாதுகாப்பையே அணைத்துவிடுகிறது, நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

படி 4: பிரிண்டர் நேராக ரவுட்டரில் என்றால்

பிரிண்டரின் மெனுவில் அதன் ஐபி முகவரியைப் பாருங்கள். 192.168.1.23 போல ஏதாவது இருக்கும். 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடமிருந்து அதற்கு முகவரியே கிடைக்கவில்லை. ரவுட்டரை அணைத்துப் போடுங்கள். அது முழுதாக எழுந்த பிறகு பிரிண்டரைப் போடுங்கள். வைஃபை கடவுச்சொல்லைச் சமீபத்தில் மாற்றியிருந்தால் பிரிண்டரிலும் மாற்ற வேண்டும். இது அடிக்கடி மறந்துபோகும். பல பிரிண்டர்களுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டுமே தெரியும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

முகவரி சரியாக இருந்தால், அந்த எண்ணைக் கம்ப்யூட்டரின் பிரவுசரில் அடியுங்கள். பெரும்பாலான பிரிண்டர்களில் அவற்றின் சொந்தப் பக்கம் திறக்கும். திறக்கவில்லையென்றால் கம்ப்யூட்டர் 'கெஸ்ட்' வைஃபையில் இருக்கிறதா, விபிஎன் (இணைப்பை வேறு நெட்வொர்க் வழியாகத் திருப்பும் மென்பொருள்) ஓடுகிறதா என்று பாருங்கள். கெஸ்ட் வைஃபையில் இருப்பவை வீட்டின் மற்ற கருவிகளைப் பார்க்காதபடிதான் பெரும்பாலும் அமைத்திருப்பார்கள்.

பக்கம் திறக்கிறது, ஆனால் விண்டோஸ் மட்டும் 'ஆஃப்லைன்' என்கிறதா? சரி, இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ரவுட்டர் தரும் முகவரி நிரந்தரமானதல்ல. பிரிண்டர் சில நாள் அணைந்திருந்து திரும்பி வந்தால் வேறு எண் கிடைக்கலாம். விண்டோஸோ பழைய எண்ணிலேயே கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். 'பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸ்' திறந்து 'போர்ட்ஸ்' பகுதியில் (விண்டோஸ் எந்த வழியாகப் பிரிண்டரை அடைகிறது என்று காட்டும் இடம்) டிக் இருக்கும் வரியைப் பாருங்கள். அங்கிருக்கும் எண்ணும் பிரிண்டர் காட்டும் எண்ணும் வேறு என்றால் காரணம் கிடைத்துவிட்டது.

நிரந்தரத் தீர்வுக்கு ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் 'டிஎச்சிபி ரிசர்வேஷன்' அல்லது 'அட்ரஸ் ரிசர்வேஷன்' என்ற இடத்தில் பிரிண்டருக்கு ஒரே எண்ணை ஒதுக்கிவிடுங்கள். பிறகு பிரிண்டரின் போர்ட்ஸ் பகுதியில் 'ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி போர்ட்' ஒன்றை அந்த எண்ணோடு சேர்த்து, அதையே தேர்ந்தெடுங்கள். டிக் இருந்த வரி 'டபிள்யூஎஸ்டி' என்று தொடங்கினாலும் இதே வழிதான். அந்த வகைப் போர்ட் நல்ல பிரிண்டரைக்கூட அடிக்கடி ஆஃப்லைன் என்று காட்டும். அப்படியும் போகாவிட்டால் 'கான்ஃபிகர் போர்ட்'டில் 'எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ்' (பிரிண்டரின் நிலையை விண்டோஸ் விசாரிக்கும் முறை) டிக்கை எடுத்துப் பாருங்கள்.

படி 5: வரிசையில் சிக்கிய வேலை

ஒரு பழைய பிரிண்ட் நடுவில் மாட்டிக்கொண்டு நீக்கவும் முடியவில்லை என்றால், 'சர்வீசஸ்' திறந்து 'பிரிண்ட் ஸ்பூலர்' என்பதை (அச்சு வேலைகளை வரிசைப்படுத்தி அனுப்பும் சேவை) நிறுத்துங்கள். சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்று வரிசையாக உள்ளே போய், அங்கிருக்கும் கோப்புகளை மட்டும் அழியுங்கள். ஃபோல்டரை அழிக்காதீர்கள். ஸ்பூலரை மறுபடி ஓடவிடுங்கள். யுஎஸ்பி பகிர்வில் இதை இரண்டு கம்ப்யூட்டர்களிலும் செய்ய வேண்டும்.

கூடவே, பிரிண்டர் பட்டியலில் ஒரே பெயரில் 'காப்பி 1' என்று இன்னொன்று முளைத்திருக்கிறதா பாருங்கள். நீங்கள் கொடுக்கும் பிரிண்ட் அந்தச் செத்த வழிக்குப் போய்க்கொண்டிருக்கலாம்.

படி 6: இப்போது டிரைவர்

இவ்வளவும் பார்த்தும் சரியாகவில்லை என்றால் பிரிண்டரை நீக்குங்கள். ஆனால் பட்டியலிலிருந்து நீக்கினால் டிரைவர் உள்ளேயே இருக்கும், மறுபடி சேர்க்கும்போது அதே பழையதுதான் வந்து உட்காரும். 'பிரிண்ட் சர்வர் ப்ராப்பர்ட்டீஸ்' என்பதில் 'டிரைவர்ஸ்' பகுதிக்குப் போய், டிரைவரையும் அதன் பேக்கேஜையும் சேர்த்து அகற்றிவிட்டு, தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புதியதை இறக்குங்கள். ரவுட்டரில் இருக்கும் பிரிண்டரைச் சேர்க்கும்போது, விண்டோஸ் தானாகக் காட்டுவதைத் தேர்ந்தெடுக்காமல், ஒதுக்கி வைத்த ஐபி எண்ணைக் கையால் கொடுத்துச் சேருங்கள். பிறகு ஒரு சோதனைப் பக்கம் அடித்துப் பாருங்கள்.