காந்தக் கண்ணி தெரிந்ததும் துள்ளிக் குதிக்காதீர்கள்

பாலாற்றைத் தலைகீழாகப் புரட்டினால் டோபாலஜிகல் இன்சுலேட்டர் என்று காட்பாடி மாணவர்களிடம் சொல்வது என் வழக்கம். பாலாற்றில் மேலே மணல் காய்ந்து கிடக்கும், ஊற்று தோண்டினால் அடியில் தண்ணீர். டோபாலஜிகல் இன்சுலேட்டர் வகைப் படிகமான பிஸ்மத் செலினைடில் உள்ளே மின்காப்பு, மேற்பரப்பில்தான் மின்னோட்டம். (செலினியம் அணுக்கள் அங்கங்கே விடுபட்டிருந்தால் உள்ளேயும் மின்சாரம் கசியும். அது தனித் தலைவலி.)

‘மேற்பரப்பில் ஸ்பின்கள், அதாவது எலக்ட்ரான்களின் குட்டிக் காந்தங்கள், ஒழுங்காக நிற்கின்றனவே, அப்போ இது காந்தம்தானே?’ என்று கேட்பார்கள். இல்லை. எதிரெதிராக ஓடும் எலக்ட்ரான்களின் ஸ்பின்னும் எதிரெதிர், கூட்டினால் பூஜ்ஜியம். தூய பிஸ்மத் செலினைடு வெறும் டயாகாந்தம், காந்தப் புலத்தை லேசாக எதிர்ப்பதோடு சரி. காந்தம் வேண்டுமானால் குரோமியமோ வனேடியமோ கலக்க வேண்டும். இல்லையென்றால் மாங்கனீசு பிஸ்மத் டெல்லூரைடு மாதிரி மாங்கனீசு அடுக்கு படிகத்திலேயே இருக்க வேண்டும். அதிலும் சுமார் 25 கெல்வினுக்குக் கீழே அடுத்தடுத்த அடுக்குகள் எதிர்த்திசையில் நிற்கும், அதனால் பெரிய கண்ணியை (புலத்தை ஏற்றி இறக்கும்போது காந்தம் போன வழியிலேயே திரும்பாததால் வரைபடத்தில் விழும் வளையம்) எதிர்பார்க்காதீர்கள்.

நான் ஏமாந்தது ஸ்டீல் இடுக்கியால். தூய படிகத்தில் அறை வெப்பநிலையிலேயே அழகான காந்தத் தயக்கக் கண்ணி! இரண்டு நாள் தூக்கமில்லை. படிகத்தை அமிலத்தில் கழுவி மறுபடி அளந்தேன். கண்ணி போயே போச்சு. ஒட்டியிருந்தது இரும்புத் துகள். 5 கெல்வினிலும் 300 கெல்வினிலும் கண்ணி ஒரே உருவத்தில் இருந்தால் முதலில் இடுக்கியைச் சந்தேகியுங்கள். பிளாஸ்டிக் இடுக்கியே போதும்.

மென்படலம் என்றால் இன்னும் கவனம் தேவை. படலம் 5 நானோமீட்டர், அதைத் தாங்கும் அடித்தளம் அரை மில்லிமீட்டர். ஒரு லட்சம் மடங்கு தடிமன். வரைபடத்தில் அடித்தளத்தின் டயாகாந்தம் தரும் நேர்கோட்டுச் சரிவைக் கழிக்கும்போது அந்த நேர்கோட்டை அதிகப் புலப் பகுதியில் பொருத்துங்கள். பூஜ்ஜியத்துக்கு அருகே பொருத்தினால் இல்லாத காந்தத்தை நீங்களே வரைந்துவிடுவீர்கள். திரையில் புலம் பூஜ்ஜியம் என்று இருந்தாலும் புலத்தை உண்டாக்கும் மீக்கடத்திக் காந்தத்தில் கொஞ்சம் புலம் மிச்சமிருக்கும், அதுவும் மெல்லிய பொய்க் கண்ணி காட்டும். காந்தத்தை அளக்கும் அளவியின் அறையில் காற்று புகுந்தால் உறைந்த ஆக்சிஜனே 43 கெல்வின் வாக்கில் ஒரு மேடு காட்டிவிடும்.

ஹால் அளவீட்டில், அதாவது மின்னோட்டத்துக்குக் குறுக்கே எழும் மின்னழுத்தத்தை அளக்கும்போது, அளக்கும் முனைகள் நேருக்கு நேர் அமையாமல் போவது சகஜம். நேர்ப்புல மதிப்பிலிருந்து எதிர்ப்புல மதிப்பைக் கழித்துப் பாதியாக்காமல் வரைபடம் போடாதீர்கள்.

அப்புறம், காந்தமானவுடன் குவாண்டம் ஹால் தடை (ஹால் தடை இயற்கை மாறிலிகள் நிர்ணயிக்கும் ஒரே மதிப்பில் நிற்பது) வந்துவிடும் என்ற நினைப்பு. 2013-இல் சீனாவில் சுவே சிகுன் குழு குரோமியம் கலந்த படலத்தில் 25.8 கிலோ ஓம் தடையைப் புறப்புலமின்றிக் கண்டது. படலம் சுமார் 15 கெல்வினிலேயே காந்தமாகிவிட்டது. அந்த மதிப்பு வந்ததோ 0.03 கெல்வினில். வேலூர் மே மாதத்தில் உட்கார்ந்து அந்த எண்ணைப் படிக்கும்போதே உடம்பு குளிர்கிறது.

அளவியில் படிகத்தைத் தொங்கவிடுவது பெரும்பாலும் இளநீர்க் கடை ஸ்ட்ரா போன்ற ஒரு குழாயில்தான். அந்தக் குழாயை மட்டும் வெறுமையாக அளந்த தரவுக் கோப்பை வைத்துக்கொண்டு வாருங்கள், பிறகு கண்ணியைப் பார்க்கலாம்.