சுகர் மீட்டர் தாறுமாறாகக் காட்டினால்

பண்ருட்டி பலாச்சுளை உரித்த கையோடு விரலைக் குத்தினால் மீட்டர் எகிறத்தான் செய்யும். அது தோலில் ஒட்டியிருக்கும் சர்க்கரை. சானிடைசருக்கெல்லாம் அது போகாது. சோப்பு போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டு, விரல் நுனியின் பக்கவாட்டில் குத்துவேன் (அங்கே வலியும் குறைவு). கழுவ வழியில்லையா, கையில் இனிப்பு எதுவும் படாமல் இருந்தால் மட்டும் முதல் சொட்டைத் துடைத்துவிட்டு இரண்டாவதை வைக்கலாம். விரலைப் போட்டுப் பிதுக்கினால் திசுநீர் கலந்து அளவு மாறிவிடும்.

அடுத்த தொல்லை கடலூர்க் காற்றின் ஈரம். ஸ்ட்ரிப்பை (ரத்தச் சொட்டு வைக்கும் பட்டை) எடுத்த கையோடு டப்பாவை இறுக்கி மூடணும். ஃபிரிட்ஜ் வேண்டாம், வெளியே எடுத்ததும் வியர்க்கும். திறந்த தேதியை டப்பாமேல் எழுதிவிடுவேன். பல பிராண்டுகளுக்கு அதிலிருந்து 3 முதல் 6 மாதம்தான் ஆயுள். இவ்வளவுக்குப் பிறகும் லேபில் 150 வரும்போது மீட்டர் 130 அல்லது 170 காட்டினால் பதற வேண்டாம், 15 சதவீதம் வரை வித்தியாசம் தரவிதிக்குள் வருவதுதான்.