பந்தய வர்ணனையாளருக்கு விடைகொடுக்கும் விழா: ரசிகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஊர்களில் மாட்டு வண்டி, குதிரை வண்டி எல்கைப் பந்தயம் (எல்கை குறித்துச் சாலையில் ஓட்டும் பந்தயம்; எல்கை என்றால் எல்லை) என்றால் மாட்டுக்காரர் பெயரும் சாரதி பெயரும் எந்த அளவுக்குத் தெரியுமோ, அந்த அளவுக்கு மைக் பிடிப்பவரின் குரலும் தெரியும். அந்தக் குரல் ஓய்வெடுக்கும்போது ரசிகர்களே வசூல் போட்டு விழா எடுப்பது நல்ல காரியம். ஆனால் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு இளைஞர் கூட்டம் கிளம்பி, போன வருடம் பக்கத்து ஊரில் செய்த அதே தவறுகளை அச்சு மாறாமல் செய்கிறது. நாற்காலி குறைவது, நோட்டீஸில் ஒரு பெயர் விட்டுப்போவது போன்றவை எல்லா விழாவிலும் உண்டு. அவற்றை இங்கே பேசப்போவதில்லை.

கேட்காமலே "ஓய்வு" என்று அச்சடிப்பது

பந்தய வர்ணனையில் வருடத்துக்குச் சில மாதங்கள்தான் வேலை. மீதி நாளில் அதே மனிதர் கோயில் கொடை, கல்யாணம், கபடிப் போட்டி, தொண்டிப் பக்கத்துப் பாய்மரப் படகுப் போட்டி என்று மைக் பிடித்துத்தான் அடுப்பெரிக்கிறார். "மைக்குக்கு விடை கொடுக்கிறார்" என்று நோட்டீஸ் போய்விட்டால், மறு வாரத்திலிருந்து கல்யாண வீட்டுக்காரர்கள்கூட அவரை அழைப்பதில்லை. பெரும்பாலும் அவர் விடுவது ஜீப்பில் நின்றபடி சொல்லும் சாலை வர்ணனையை மட்டும். எட்டு மைல் தூரம் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க முழங்கால் ஒத்துழைக்காது, அவ்வளவுதான். நோட்டீஸ் அச்சுக்குப் போகுமுன் வாசகத்தை அவரிடமே படித்துக் காட்டுங்கள். "எல்கைப் பந்தய வர்ணனையிலிருந்து" என்ற மூன்று சொல் சேர்ந்தால் அவர் பிழைப்பு தப்பும்.

ரகசியமாக ஏற்பாடு செய்து அன்றைக்குத் திகைக்க வைக்கலாம் என்ற யோசனையும் வேண்டாம். விழாவே வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு.

பூட்டிய மாட்டை நிறுத்திவைத்து மாலை போடுவது

கூட்டம் நிறைய இருக்கும் நேரம் பார்த்து மரியாதை செய்ய வேண்டும் என்று நினைத்து, வண்டிகள் எல்கையில் வரிசை கட்டியபிறகு நிகழ்ச்சியை ஆரம்பிக்கிறார்கள். நுகத்தடியில் பூட்டி நிற்கும் பெரிய மாட்டுச் சோடியைக் கால் மணி நேரம் பிடித்து நிறுத்துவது சும்மா காரியமில்லை. மாடு முரண்டும், மூக்கணாங்கயிறு இழுபடும், ஓடுவதற்கு முன்பே வாயில் நுரை தள்ளும். குதிரை இன்னும் மோசம். மெதுவாக ஓட்டிச் சூடேற்றிய உடம்பு நின்றதும் ஆறிவிடும், திரும்ப முதலிலிருந்து ஓட்ட வேண்டும். போதாததற்குப் போக்குவரத்தை நிறுத்தப் போலீசு தந்த நேரம் கரைகிறது. கடைசியாக ஓட வேண்டிய, மிகச் சிறிய மாடுகளின் பூஞ்சிட்டுப் பிரிவை அவசர அவசரமாக ஓட்டுவதில்தான் விபத்து வரும்.

இதைவிடப் பெரிய கெடுதல் வேறு. மாலையும் கண்ணீரும் முடிந்த கையோடு மைக்கை எடுத்தால், அவருடைய கடைசி வர்ணனை தொண்டை அடைத்த வர்ணனையாகத்தான் இருக்கும்.

இங்கிலாந்தில் குதிரைப் பந்தயத்தின் குரல் என்றே அழைக்கப்பட்ட பீட்டர் ஓ'சல்லிவன், 50 கிராண்ட் நேஷனல் பந்தயங்களை வர்ணித்தவர். 1997 நவம்பரில் நியூபரி மைதானத்தில் ஹென்னஸி கோல்டு கப் பந்தயத்தோடு மைக்கை வைத்தார். அன்று அதற்கு அடுத்த பந்தயத்தில் அவருடைய சொந்தக் குதிரையே ஜெயித்தது. அதுபோன்ற அதிர்ஷ்டம் எல்லாருக்கும் வாய்க்காது, ஆனால் வரிசையை நாமும் பின்பற்றலாம்: கடைசி வண்டி எல்கை தாண்ட வேண்டும், மாடுகளை அவிழ்க்க வேண்டும், கொடிப் பரிசும் வரிசைப் பரிசும் கொடுத்து முடிக்க வேண்டும். மாலை அதற்குப் பிறகு. கூட்டம் கலைந்துவிடும் என்ற பயம் இருந்தால் முதல் பரிசை அவர் கையால் கொடுக்க வையுங்கள், ஒருவரும் நகரமாட்டார்கள்.

கடைசி வர்ணனையை யாராவது பதிவு செய்திருப்பார்கள் என்று நம்புவது

எரிச்சல் தரும் தவறு இதுதான். மேடைக்கு, சாப்பாட்டுக்கு, மினுமினுக்கும் கேடயத்துக்கு என்று ஆயிரக்கணக்கில் செலவு செய்வார்கள். எந்தக் குரலுக்காக விழாவோ அந்தக் குரலைப் பிடித்து வைக்க ஒரு ஆளை நியமிக்க மாட்டார்கள். "எல்லாரும்தான் போன்ல எடுக்குறாங்களே அண்ணே" என்பதுதான் பதில். விழா முடிந்து ஒரு வாரம் கழித்துக் கேட்டால், கைக்கு வருவது இருபது துண்டு வீடியோ. ஒவ்வொன்றிலும் பக்கத்தில் நின்றவன் விசில், காற்றின் இரைச்சல், நடுவில் யாரோ மாமாவுக்கு வந்த போன். மாலை மரியாதையை மறுபடி செய்யலாம். கடைசி வர்ணனையை மறுபடி சொல்ல வைக்க முடியாது.

கூட்டத்தில் நின்று எடுக்கும் பதிவு ஏன் தேறாது? கூம்புக் குழாய் ஸ்பீக்கர், குரலின் அடிப்பகுதியை, ஏறக்குறைய 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை, சரியாகத் தருவதே இல்லை. கம்பீரம் முழுக்க அந்த அடிப்பகுதியில்தான் இருக்கிறது. அடுத்தது, ஒரு குழாய் பக்கத்திலும் இன்னொன்று 100 மீட்டர் தள்ளியும் கட்டியிருந்தால், தூரத்துச் சத்தம் கிட்டத்தட்ட 0.3 வினாடி தாமதித்து வரும். நேரில் கேட்கும் காது அதைச் சமாளித்துக்கொள்ளும். பதிவில் ஒவ்வொரு சொல்லும் இரண்டாக விழும். மூன்றாவது, காற்று. ஆடியில் கச்சான் காற்று வீசும்போது இந்தக் கடற்கரையில் போன் மைக் வெறும் உறுமலைத்தான் பதிவு செய்யும். மைக்கே திணறிப்போன சத்தத்தைப் பிறகு எந்த மென்பொருளாலும் முழுதாகச் சுத்தம் செய்ய முடியாது.

செய்ய வேண்டியது, மூன்று இடத்தில் மூன்று பதிவு.

முதலாவது, ஆம்ப்ளிஃபயரிலிருந்து நேரடியாக. சவுண்டு செட்காரரிடம் முந்தின நாளே பேசி, ஆம்ப்ளிஃபயரில் அல்லது மிக்ஸரில் "லைன் அவுட்", "ரெக் அவுட்" துளை இருக்கிறதா என்று பாருங்கள். அதிலிருந்து ஒயர் போட்டு, லைன் இன் வசதியுள்ள ரெக்கார்டரில் செருக வேண்டும். நேராகப் போனில் செருகுகிறவர்கள்தான் அதிகம். போனின் மைக் துளை சில மில்லிவோல்ட்டை எதிர்பார்ப்பது. லைன் அவுட்டில் வருவதோ சில நூறு மில்லிவோல்ட்டிலிருந்து ஒரு வோல்ட் வரை. குரல் மொத்தமாக உடைந்து கரகரக்கும். போன்தான் இருக்கிறது என்றால் 40 டெசிபல் குறைக்கும் ஒயர் வாங்குங்கள். ஸ்பீக்கருக்குப் போகும் முனையில் மட்டும் கை வைக்காதீர்கள். அங்கே 70 அல்லது 100 வோல்ட் லைன் இருக்கலாம், ரெக்கார்டர் கருகிவிடும்.

ஜீப் பேட்டரியிலிருந்து இன்வர்ட்டர் மூலம் ரெக்கார்டருக்கு மின்சாரம் எடுப்பதும் தவறு. எஞ்சின் வேகம் கூடக் கூட ஒரு கீச்சுச் சத்தம் பதிவில் ஏறிக்கொண்டே போகும். ரெக்கார்டர் அதனுடைய சொந்த பேட்டரியில் ஓடட்டும்.

இரண்டாவது, அவர் சட்டையில் ஒரு காலர் மைக். ஜோடி வர்ணனையில் மைக் கை மாறிக்கொண்டே இருக்கும். ஆம்ப்ளிஃபயர் பதிவில் மைக்கில் பேசுவது மட்டும்தான் விழும். மைக்கை விலக்கிவிட்டு டிரைவரிடம் "முன்னாடி போப்பா, சின்ன மாட்டுக்கு ரோடு விடு" என்று அவர் கத்துவதெல்லாம் காலர் மைக்கில்தான் கிடைக்கும், பின்னால் கேட்க அதுதான் ருசி. சட்டையின் இரண்டாவது பொத்தானுக்குக் கீழே, காற்று வராத பக்கம் குத்துங்கள். பஞ்சு உறை ஓடும் ஜீப்பில் போதாது, முடி வைத்த உறை வேண்டும். ரெக்கார்டரில் 80 அல்லது 100 ஹெர்ட்ஸ் லோ கட் (அதற்குக் கீழுள்ள உறுமலை வெட்டும் வசதி) இருந்தால் போட்டுவிடுங்கள்.

மூன்றாவது, எல்கையில் நிற்கும் ஒருவரிடம் சாதாரண ரெக்கார்டர். சலங்கைச் சத்தம், கூட்டத்தின் கூச்சல், வண்டி நெருங்கும் தடதடப்பு இதில்தான் வரும். இது இல்லாமல் முதல் இரண்டை மட்டும் கேட்டால், ஆள் இல்லாத அறையில் உட்கார்ந்து பேசியதுபோல் இருக்கும்.

அளவு வைப்பதில் ஒரு பொறி இருக்கிறது. "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று அவர் நிதானமாகச் சொல்லும்போது முள்ளைப் பார்த்து அளவு வைத்துவிடுவார்கள். கடைசி அரை மைலில் இரண்டு சோடி கழுத்துக்குக் கழுத்து வரும்போது அதே மனிதர் இரண்டு மடங்கு கத்துவார். அந்த இடம்தான் உடையும், அந்த இடம்தான் நமக்கு வேண்டியதும். சோதனையின்போதே "கொடி வாங்குற இடத்துல சொல்ற மாதிரி ஒரு தடவை சொல்லுங்கய்யா" என்று கேட்டு, அந்தக் கத்தல் ரெக்கார்டரின் அளவுகோலில் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி வையுங்கள்.

ரெக்கார்டரில் வைக்க வேண்டிய அமைப்பு: 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் (சுருக்காத ஒலிக்) கோப்பு. ஒற்றைத் தடத்தில் மணிக்கு ஏறக்குறைய 520 எம்பி பிடிக்கும். 32 ஜிபி கார்டு ஒன்று, நாலு பிரிவுப் பந்தயத்துக்கும் அதன் பிறகு விழாவுக்கும் தாராளம். போனில் எடுத்தால் விமானப் பயன்முறை கட்டாயம். முடிந்ததும் பதிவை நிறுத்தும் பொத்தானை அழுத்திய பிறகே பேட்டரியைக் கழற்ற வேண்டும். அவசரத்தில் அணைத்தால் பல ரெக்கார்டர்களில் கோப்பு மூடாமல் கிடந்து, திறக்க வராது.

ஆரம்பத்தில் பதிவு செய்பவர் தன் வாயாலேயே தேதி, ஊர், பிரிவு, எத்தனை சோடி என்று சொல்லிவிட வேண்டும். கோப்பின் பெயர் மாறிவிடும், வாயால் சொன்னது மாறாது. இந்தப் பகுதியில் வீட்டுப் பரண்களில் பழைய பந்தய கேசட்டுகள் கிடக்கின்றன. எந்த ஊர், எந்த வருடம் என்று ஒன்றிலும் இல்லை. 2014 மே 7-ல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டோடு சேர்த்து மாட்டு வண்டிப் பந்தயத்துக்கும் தடை போட்டதே, அதற்கு முந்தியதா பிந்தியதா என்றுகூடக் கேட்டுச் சொல்ல முடியவில்லை.

அன்று இரவே மூன்று பிரதி. இரண்டு வேறு வேறு வீட்டில் ஹார்டு டிஸ்க்கில், ஒன்று இணையச் சேமிப்பில். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஆவணமாக மட்டும் அனுப்புங்கள், வீடியோவாக அனுப்பினால் சுருக்கிவிடும். அசல் கோப்பின்மேல் சினிமாப் பாட்டை ஏற்றும் வேலை வேண்டவே வேண்டாம். யூடியூபில் போட்டதும் பாட்டுக்கு உரிமைகோரல் வந்து சத்தத்தையே முடக்கிவிடலாம். பாட்டோடு சேர்ந்து அவர் குரலும் போகும்.

வெடி

மாடுகளும் குதிரைகளும் வண்டியேறி ஊர் எல்லை தாண்டும் வரை ஒரு சரம்கூடக் கூடாது.

அவர் முன்னாலேயே மிமிக்ரி

ஒருவர், ஒரு நிமிடம். அதற்கு மேல் போனால் கேலி.

மைக்கை யாரிடம் கொடுப்பது

அரசியல்வாதியை அழைத்தால் அவர் கட்சி பேசுவார், அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. அவரை மேடையில் உட்கார வைக்கலாம், பேச வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பேச வேண்டியவர்கள் வேறு: இவர் வாயால் பெயர் பெற்ற ஒரு சாரதி, பழைய மாட்டுக்காரர் ஒருவர், ஜோடி வர்ணனையாளர், இத்தனை வருடம் மைக் ஒயர் சுற்றிய சவுண்டு செட்காரர். ஆளுக்கு மூன்று நிமிடம். சாரதிகளுக்கு மேடைக் கூச்சம் உண்டு என்பதால் "அவர் உங்க பேரை முதல்ல எந்த எல்கையில சொன்னாரு?" என்று ஒரு கேள்வியை எடுத்துக் கொடுங்கள், பிறகு அவர்களே பேசிக்கொள்வார்கள். கடைசியில் பேச வேண்டியவர் வர்ணனையாளர். சாப்பாட்டுப் பந்தி ஆரம்பிக்குமுன் பேசவிடுங்கள். இலை போட்ட பிறகு மைக்கைக் கொடுப்பதைவிட அவமரியாதை வேறில்லை.

பொன்னாடை மலை

நாற்பது பாலியெஸ்டர் துண்டை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? நோட்டீஸிலேயே "பொன்னாடை தவிர்க்கவும்" என்று போட்டு, வாசலில் ஒரு மேசை, மொய் நோட்டு, இரண்டு ஆள். வர்ணனையாளருக்குப் பென்சனோ சேமநிதியோ கிடையாது. வரும் பணத்தை மேடையில் தொகை சொல்லி அறிவிக்க வேண்டுமா என்பதை அவர் வீட்டம்மாவிடம் கேளுங்கள். கடன்காரர் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கலாம்.

நினைவுப் பரிசு கட்டாயம் வேண்டும் என்றால், தங்க முலாம் பூசிய பிளாஸ்டிக் மைக் வேண்டாம். அவர் வழக்கமாகப் பிடித்த, வலைத்தலை நசுங்கிய அந்தப் பழைய மைக்கைச் சவுண்டு செட்காரரிடம் விலைக்கு வாங்கிக் கொடுங்கள். செட்காரருக்குப் புது மைக் வாங்கும் காசைக் கொடுத்தால் கொடுத்துவிடுவார்.

சாலையை மறித்து ஃபிளெக்ஸ்

அனுமதி இல்லாமல் வைக்காதீர்கள். கடற்காற்றில் நிற்கவும் நிற்காது.

பதிவை அவரிடம் கொடுக்கும்போது

லிங்க் அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருப்பவர்கள் பாதிப்பேர். அந்த வயதுக்காரர் வீட்டில் இருப்பது யூஎஸ்பி துளை வைத்த பழைய ரேடியோவோ டிவியோதான். 24 பிட் வேவ் கோப்பைப் பெரும்பாலும் அவை பாடாது. தனியாக எம்பி3 பிரதி எடுத்து, 192 கேபிபிஎஸ் போதும், ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவில் ஏற்றுங்கள். பெரிய மாடு, நடு மாடு, பூஞ்சிட்டு என்று பிரிவுக்கு ஒரு கோப்பாக வெட்டி, பெயர்களை 01, 02 என்று எண்ணில் ஆரம்பியுங்கள், வரிசை குழம்பாது. தமிழில் பெயர் வைத்தால் பழைய ரேடியோ கட்டம் கட்டமாகக் காட்டும், அதனால் எண் மட்டும் போதும். எந்த எண்ணில் எது என்று ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி உறையில் வையுங்கள். கொடுத்துவிட்டு வந்துவிடாமல் அவர் ரேடியோவிலேயே செருகி, முதல் கோப்பு பாடுகிறதா, அடுத்ததுக்குத் தாவுகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.