பாவிக்காத புகைக்கூட்டுக்கு ஒரு தகரத் தொப்பி

காஸ் அடுப்பு வந்த பிறகு எங்கள் குசினிப் புகைக்கூட்டுக்கு வேலை இல்லாமல் போனது. வாய் மட்டும் திறந்தபடியே இருந்தது. மாரியில் மழை நேரே அடுப்பு மேடைக்கு இறங்கும். வெயில் காலத்தில் மைனா சுள்ளி கொண்டுவந்து போடும். ஒருநாள் இரவு மரநாய் ஒன்று உள்ளே விழுந்து சட்டி பானையெல்லாம் உருண்ட கதையை அம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

முதலில் ஒரு தகரத்தை வைத்து மேலே இரண்டு செங்கல் ஏற்றினேன். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் வந்தபோது தகரம் பக்கத்து வளவுக்குப் போய்விட்டது. அந்தக் கோபத்தில் கொங்கிறீற் பலகை வார்த்து, சீமெந்து பூசி ஒரேயடியாக அடைத்தேன். 2022இல் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பி, விறகு மூட்ட வேண்டி வந்தபோது அதை நானே சுத்தியலால் உடைத்தேன். ஆகவே இந்த முறை ஒரே நிபந்தனை: கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும்.

காற்றும் போய்வர வேண்டும். லண்டனில் பழைய வீடுகளின் புகைக்கூட்டு உச்சியில் சுட்ட மண் குழாய் இருக்குமாம். பாவிக்காவிட்டாலும் முழுதாக அடைக்க மாட்டார்கள், அடைத்தால் உள்ளே ஈரம் தேங்கும் என்றான் அங்கேயிருக்கிற மச்சான். அடைத்து வைத்த மாரியில் எங்கள் குசினிச் சுவர் ஏன் வியர்த்தது என்று அப்போதுதான் விளங்கியது.

சரி, வேலைக்கு வருவோம்.

புகைக்கூட்டின் வெளி அளவை எடுங்கள், உள் அளவை அல்ல. எங்களுடையது 16 அங்குலச் சதுரம். நாலு பக்கமும் 3 அங்குலம் நீட்ட வேண்டும், விளிம்பு மடிக்க இன்னும் ஒரு அங்குலம். 16உம் 6உம் 2உமாக 24. பீலி அடித்து மிஞ்சிய தட்டைத் தகரத்தில் இரண்டடிச் சதுரம் கிடைத்தது. வெட்டுவதற்குத் தகரக் கத்தரிதான். கிறைண்டர் வைத்திருப்பவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அது நாகப் பூச்சை எரித்துவிடும், வெட்டிய விளிம்பிலிருந்தே துரு தொடங்கும்.

இனி, என்னை விழுத்திய இடம். முதல்தரம் நான் விளிம்பை மடிக்கவில்லை. தண்ணீர் ஓரத்தோடு சொட்டி விழும் என்று நினைத்தேன். விழவில்லை. தகரத்தின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டே உள்நோக்கி ஓடி, கூட்டுக்குள் இறங்கி, பழைய கரியைக் கரைத்து, வெள்ளையடித்த சுவரில் தார் போல வழிந்தது. இரண்டு தரம் பூசியும் அந்தக் கறை போகவில்லை. ஆகவே நாலு மூலையிலும் ஒரு அங்குலச் சதுரத்தை வெட்டி எடுங்கள். பிறகு விளிம்பை இரண்டு சட்டப்பலகைக்கு இடையில் இறுக்கி, மரச் சுத்தியலால் தட்டி, நேர் கீழே மடியுங்கள். இரும்புச் சுத்தியல் தகரத்தை நெளிக்கும். மடிந்த ஓரத்தைத் தாண்டி உள்ளே போகத் தண்ணீர் மேலே ஏற வேண்டும், அது ஏறாது.

கால்களுக்கு எல் வடிவ அலுமினியச் சட்டம் நாலு துண்டு: இரண்டு 10 அங்குலம், இரண்டு 11. ஒரு பக்கம் உயர்ந்தால்தான் தண்ணீர் நிற்காமல் வழியும். தாழ்ந்த பக்கத்தைக் கூரைச் சரிவுப் பக்கம் விடுங்கள். ஒவ்வொரு காலிலும் மேல் ஒரு அங்குலத்தை மடித்துத் தகரத்தோடு றிவெட் அடியுங்கள், ஓட்டைக்குச் சிலிக்கன். கீழ் 5 அங்குலம் புகைக்கூட்டு மூலையை வெளியே கட்டிப்பிடிக்கும். மிச்சம்தான் காற்று போகும் இடைவெளி.

அந்த இடைவெளியைச் சுற்றி அரை அங்குலக் கம்பிவலை. நுளம்பு வலை வேண்டாம், ஒட்டடையும் தூசியும் அடைத்துவிடும்.

ஏறும் முன் உள்ளே கூடு, குஞ்சு, குளவி இருக்கிறதா என்று பாருங்கள். கீழே அடுப்பு மேடையில் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சரித்துப் பிடித்தால் வானம் தெரிய வேண்டும். பிறகு தொப்பியை வைத்து, கால்களைச் சுற்றி இரண்டு இடத்தில் நாகம் பூசிய கம்பியால் இறுக்கி முறுக்குங்கள். மேசன்மார் பாவிக்கும் கறுப்புக் கட்டுக்கம்பி ஒரு மாரியோடு இற்றுப்போகும். வாடைக்காற்று அடிக்கும் பக்கத்தில் முறுக்கு வராமல் பார்த்துக்கொள்வேன், அது என் பழக்கம். தீபாவளிப் பலகாரத்துக்கு விறகு மூட்டும்போது முறுக்கை அவிழ்த்துத் தொப்பியை இறக்கிவிடுவோம், இல்லாவிட்டால் வலையில் கரி பிடிக்கும்.

பின்சேர்க்கை: முறிகண்டிப் பக்கத்திலிருந்து ஒருவர் எழுதியிருந்தார், குரங்கு கம்பி நுனியைப் பிடித்து இழுத்து முழுவதையும் அவிழ்த்துவிட்டதாம். எங்கள் வளவிலும் குரங்குக்குக் குறைவில்லை, ஆனால் இது எனக்குத் தோன்றவில்லை. இப்போது முறுக்கிய நுனியை வெளியே விடாமல், குறடால் வளைத்து வலைக்குள்ளே செருகிவிடுகிறேன்.