ஆஃப் செய்தும் அடங்காத பொம்மை

குரைக்கும் நாய் பொம்மையின் ஒலிச் சிப் ஓடும் வேகத்தை (கிளாக்) முடிவுசெய்யும் 220 கிலோ ஓம் ரெசிஸ்டரை எடுத்துவிட்டு 1 மெகா ஓம் பொட்டென்ஷியோமீட்டர் (குமிழால் மாற்றக்கூடிய ரெசிஸ்டர், சுருக்கமாக ‘பொட்’) வைத்தேன். குமிழைத் திருகினால் நாய் தவளையாகும், கொசுவாகும். ஆனால் கொசுப் பக்கம் கடைசிவரை போனால் ‘கீ...’ என்று ஒரே சுரத்தில் சிக்கிக்கொள்ளும். குமிழைத் திருப்பினாலும் விடாது.

பேட்டரி மாற்றினேன். பொட்டென்ஷியோமீட்டரை மாற்றினேன். எல்லா இணைப்பையும் மறுபடி சால்டர் செய்தேன். மூன்று நாள் வீண்.

வினோதம் என்னவென்றால், ஆஃப் செய்து உடனே ஆன் செய்தாலும் அதே ‘கீ’தான். இருட்டில் கவனித்தபோது புரிந்தது: ஆஃப் செய்த பின்னும் பொம்மையின் கண்ணிலுள்ள சிவப்பு எல்இடி மெதுவாகத்தான் மங்கியது. அது அணைந்த பிறகும் மல்டிமீட்டரில் 1.5 வோல்ட்! மின் சப்ளையிலிருந்த, மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் 220 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் சிப்பை முழுசாக அணையவிடவில்லை.

கெப்பாசிட்டருக்குக் குறுக்கே 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டேன். ஆஃப் செய்ததும் மின்னூட்டம் சில விநாடியில் வடிந்து, சிப் ஒழுங்காக ரீசெட் ஆனது. பொட் பூஜ்யத்தைத் தொட்டால் கிளாக் எகிறிவிடும் என்பதால், அதோடு தொடராக 47 கிலோ ஓம். இப்போது சிக்குவதே இல்லை. (பேட்டரி பொம்மையில் மட்டும் கை வையுங்கள்.)